டிக்கெட்டுக்கு ஒரு நாள் கூலி... ஒரு ராத்திரி தங்க 3 வார கூலி! உலக கோப்பை கால்பந்து கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு எட்டுமா?

கள்ளக்குறிச்சி:

உலக கோப்பை கால்பந்து வந்துவிட்டால் போதும், டீக்கடை, சலூன், பஸ் நிலையம் எங்கே பார்த்தாலும் மெஸ்சி, ரொனால்டோ பேச்சுதான். ராத்திரி கண் முழித்து டி.வி.யில் மேட்ச் பார்க்கிற பையன்கள் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம் என எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் மைதானத்தில் நேரில் உட்கார்ந்து பார்க்க நம்ம ஊர்க்காரருக்கு என்ன செலவாகும்? கணக்கு போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. டிக்கெட் விலை பெரிய பிரச்சினையே இல்லை. விசாவும், படுக்க இடமும்தான் ஆளை கவிழ்க்கிறது.

40 ரியால் டிக்கெட்

2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கத்தாரில் உலக கோப்பை நடந்தது. 32 அணிகள், 8 மைதானங்கள், 64 ஆட்டங்கள். இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா பெனால்டியில் பிரான்சை வீழ்த்தி கோப்பையை தட்டிச் சென்றது.

கத்தாரில் இந்தியர்கள் மட்டும் 7 லட்சத்துக்கும் அதிகம். அதில் நம்ம மாவட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள். கட்டிட வேலை, டிரைவர், ஏ.சி. மெக்கானிக், கிளீனிங் என்று கிடைத்த வேலைக்கு போனவர்கள்.

இவர்களுக்கு அந்த உலக கோப்பையில் ஒரு சலுகை கிடைத்தது. கத்தாரில் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் 4-ம் வகுப்பு டிக்கெட் தனியாக ஒதுக்கப்பட்டது. முதல் சுற்று ஆட்டத்துக்கு விலை 40 ரியால். அன்றைய மதிப்பில் சுமார் 900 ரூபாய்.

கத்தாரில் 2021 மார்ச் முதல் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாத சம்பளம் 1,000 ரியால். மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால் ஒரு நாள் கூலி 38 ரியால். அதாவது ஒரு நாள் கூலியை எடுத்து வைத்தால் உலக கோப்பை மேட்ச் ஒன்றை நேரில் பார்க்கலாம். இறுதி ஆட்டத்துக்கு இதே வகுப்பில் 750 ரியால்.

இடம், சாப்பாடு கம்பெனி பொறுப்பு. அதை கொடுக்காவிட்டால் தங்க 500, சாப்பாட்டுக்கு 300 ரியால் தர வேண்டும் என்பது அந்த நாட்டு சட்டம். எனவே தங்கும் செலவு என்று தனியாக எதுவும் இல்லை.

அண்ணன் அங்கே, தம்பி இங்கே

அதே மேட்சை பார்க்க ஊரில் இருந்து தம்பி கிளம்பினால் கதையே வேறு. வெளிநாட்டுக்காரருக்கு மிகக் குறைந்த டிக்கெட் 250 ரியால், சுமார் 5 ஆயிரத்து 600 ரூபாய். இறுதி ஆட்டம் என்றால் 2,200 ரியாலில் தொடங்கி 5,850 ரியால் வரை. கடைசி தொகை நம்ம காசுக்கு 1 லட்சத்து 30 ஆயிரத்தை தாண்டும்.

டிக்கெட் வாங்கியதும் வேலை முடியவில்லை. 'ஹய்யா' அட்டைக்கு பதிவு செய்ய வேண்டும். போட்டி சமயத்தில் சாதாரண சுற்றுலா விசா நிறுத்தப்பட்டது. இந்த அட்டைதான் நாட்டுக்குள் நுழைய அனுமதி, மைதானத்துக்குள் போகவும் அனுமதி. தங்கும் இடம் இன்னது என்று காட்டினால்தான் அட்டை கிடைக்கும். முதல் சுற்று முடிந்த பிறகு, டிசம்பர் 2 முதல்தான் டிக்கெட் இல்லாதவர்களும் 500 ரியால் கட்டி உள்ளே வர வழி செய்தார்கள்.

படுக்க இடம் எங்கே?

தங்கும் இடம்தான் பெரிய தலைவலி. ஓட்டல் அறைகள் பத்தாமல் கப்பல்களையே கொண்டு வந்து ஓட்டலாக நிறுத்தினார்கள். ரசிகர்களுக்காக கன்டெய்னர் பெட்டி மாதிரி குட்டி அறைகளை வரிசையாக வைத்தார்கள். அந்த பெட்டியில் ஒரு ராத்திரி தங்க சுமார் 200 டாலர், அன்றைக்கு 16 ஆயிரம் ரூபாய். குறைந்தபட்ச சம்பளம் வாங்குகிற தொழிலாளிக்கு அது ஏறத்தாழ 3 வார கூலி. பலர் துபாயில் ரூம் போட்டு, மேட்ச் நாளில் மட்டும் விமானத்தில் வந்து போனார்கள்.

கத்தாரில் வீடு எடுத்து தங்கியிருப்பவர் 10 பேர் வரை சொந்தக்காரர், நண்பர்களை பதிவு செய்து தங்க வைக்கலாம் என்று ஒரு வசதியும் இருந்தது. குடும்பத்தோடு பிளாட்டில் இருக்கும் ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு இது உதவியது. கேம்பில் அடுக்கு கட்டிலில் படுக்கிற தொழிலாளி தம்பியை எங்கே படுக்க வைப்பார்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரசிகர்கள் தங்கும் பகுதியான தோகா நகரின் மையத்தில், ஆசிய, ஆப்பிரிக்க தொழிலாளர்கள் குடியிருந்த பல கட்டிடங்கள் காலி செய்யப்பட்டதாக 2022 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மைதானம் கட்டியவனுக்கு டிக்கெட் மலிவு. ஆனால் வந்தவனுக்கு இடம் கொடுக்க இருந்தவன் வெளியே போக வேண்டியதாயிற்று.

டிக்கெட் எடுக்க முடியாத தொழிலாளர்களுக்கு தொழிற்பேட்டை பகுதி கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை கட்டி இலவசமாக காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் அலைமோதியது. நம்ம ஊரிலும் அந்த முறை செல்போனில் தமிழ் வர்ணனையோடு ஓசியில் பார்க்க முடிந்தது.

அமெரிக்கா என்றால் தலைசுற்றல்

2026 உலக கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என 3 நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 16 நகரங்களில் 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்று அட்டவணை போடப்பட்டது. டிக்கெட் விற்பனை 2025 செப்டம்பரில் குலுக்கல் முறையில் தொடங்கியது. 60 டாலரில் ஆரம்பித்து 6,730 டாலர் வரை விலை வைத்தார்கள். கிராக்கிக்கு ஏற்ப விலை ஏறும் முறையும் புகுந்தது.

விலையை எதிர்த்து ஐரோப்பிய ரசிகர்கள் போர்க்கொடி தூக்கியதால், 2025 டிசம்பரில் எல்லா ஆட்டத்துக்கும் கொஞ்சம் டிக்கெட்டை 60 டாலருக்கு ஒதுக்கினார்கள். ஆனால் அது ஆடுகிற நாட்டு கால்பந்து சங்கங்கள் மூலமாக அவர்களின் ரசிகர்களுக்கு. இந்திய அணி உள்ளே இல்லாததால் அந்த சலுகை நம்ம பக்கம் வரவில்லை.

கல்வராயன் மலை வெள்ளிமலையில் 100 நாள் வேலை பார்த்தவர் கணக்கில் இதை பார்ப்போம். 2025-26-ல் தமிழகத்தில் அந்த வேலைக்கு ஒரு நாள் கூலி 336 ரூபாய். 60 டாலர் டிக்கெட்டுக்கு 16 நாள் கூலி வேண்டும். அமெரிக்க சுற்றுலா விசா கட்டணம் 185 டாலருக்கு 49 நாள் கூலி. விசா கிடைக்காவிட்டால் அந்த பணம் திரும்ப வராது. டிக்கெட் வைத்திருப்பவருக்கு நேர்காணல் தேதி சீக்கிரம் தருவோம் என்று அமெரிக்கா சொன்னதே தவிர, டிக்கெட் இருந்தால் விசா உறுதி என்று சொல்லவில்லை. விமானம், ஓட்டல் எல்லாம் அதற்கு மேல்.

அடுத்து சவுதி... உஷார்!

2034 உலக கோப்பை சவுதி அரேபியாவுக்கு என்று 2024 டிசம்பர் 11-ல் முடிவானது. 5 நகரங்களில் 15 மைதானங்கள் என்பது அவர்கள் கொடுத்த திட்டம். ஆக, மறுபடியும் நம்ம ஆட்கள் வேலை பார்க்கிற நாட்டிலேயே போட்டி. கத்தார் போல உள்ளூர்வாசிக்கு தனி டிக்கெட் என்று சவுதியும் அறிவித்தால், கள்ளக்குறிச்சிக்காரர் நேரில் மேட்ச் பார்க்க அதுதான் அடுத்த வாய்ப்பு.

ஆனால் மைதான வேலை என்றாலே புரோக்கர்களும் கிளம்பி விடுவார்கள். மலையில் இருந்து கேரளா, கர்நாடகா தோட்டங்களுக்கு கூலி வேலைக்கு போகிறவர்களிடம், "உலக கோப்பை வேலைப்பா, டிக்கெட்டும் ஓசி" என்று ஆசை காட்டி பணம் கறப்பது சுலபம். நகையை அடகு வைப்பதற்கு முன் இதை தெரிந்து கொள்ளுங்கள்:

* பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

* ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம்.

* 10-ம் வகுப்பு தேறாதவர் சவுதி, கத்தார் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்கு போக குடியேற்ற அனுமதி கட்டாயம். விசிட் விசாவில் அனுப்பி வைக்கிறேன் என்று சொன்னால் ஏறாதீர்கள்.

* மேட்ச் டிக்கெட்டை பிபாவின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்க வேண்டும். வாட்ஸ் அப்பில் வருகிற டிக்கெட் படத்துக்கு பணம் அனுப்பக்கூடாது. அனுப்பி ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

* வெளிநாட்டு வேலை சந்தேகங்களுக்கு தமிழக அரசின் அயலக தமிழர் நலத்துறை இலவச எண் 1800 309 3793.

ஒரு நாள் கூலியில் மேட்ச் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது முறையான விசாவில், முறையான சம்பளத்தில் போனவருக்குத்தான். புரோக்கருக்கு 2 லட்சம் அழுதுவிட்டு போனவருக்கு 40 ரியால் கூட கடனில்தான் போகும்.