திரையிலே ஒரு மணிக்கூடு

கணினித் திரையின் மூலையில் சிறிய மணிக்கூட்டு மென்பொருள் ஒன்றை வைத்துக்கொள்வதில் எங்கள் தோழியருக்குத் தனி விருப்பம். முள்ளின் நிறம், எண்ணின் வடிவம், பின்னணியில் ரோஜா எல்லாவற்றையும் மாற்றலாம். நானும் மாற்றுவேன்; அழகு யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அந்த மென்பொருளுக்குத் தானாக நேரம் தெரியாது. கணினி சொல்வதையே வரைந்து காட்டும். கணினியோ நாம் தெரிவுசெய்த நேர வலயத்தை நம்பியிருக்கிறது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க இலங்கை தன் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தது. 2006 ஏப்ரலில் மீதி அரையையும். திருத்தம் போடாத விண்டோஸ் கணினிகள் அதன் பிறகும் பழைய நேரத்தையே காட்டின. ரோஜா இருந்தென்ன?

நமுனுகுலவிலும் பதுளைத் தோட்டங்களிலும் உம்மாவோ அம்மாவோ மத்திய கிழக்கில் உழைக்கும் வீடுகள் உண்டு. ரியாத் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். பாடம் முடித்து இரவு பத்துக்கு அழைத்தால் அங்கே ஏழரை; வேலை ஓயாத நேரம். அவர் பத்தரைக்கு ஓய்ந்து அழைத்தால் இங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி, பிள்ளை உறங்கியிருக்கும்.

எனவே தங்கைமாரே, முதலில் இரண்டாவது மணிக்கூட்டை வையுங்கள். விண்டோஸிலேயே மேலதிகமாக இரண்டுக்கு இடமுண்டு. தெரியாத இடங்களிலிருந்து எதையும் தரவிறக்கத் தேவையில்லை. அதற்குப் பெயரும் இடலாம். ‘உம்மா’ என்றே இடுங்கள். ரோஜாவைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.