அந்த 25 மதிப்பெண்ணை என்ன செய்வது?

தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம் என உயிரியல் சார்ந்த ஏதேனும் ஒரு பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்கு முதல் வாரத்தில் சொல்லப்படும் விதிகள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வருகை 75 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் காண்டனேஷன் கட்டணம், மிகவும் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்குள் நுழைய முடியாது. பல கல்லூரிகளில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75; தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் இன்டர்னலின் பங்கு இன்னும் அதிகம். இவற்றில் எதையும் தேவையற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால், இவ்வளவும் சேர்ந்து மாணவர் எங்கே உட்கார வேண்டும், எந்தத் தாளை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கின்றன. ஒரு வாரத்தில் என்னென்ன செய்தால் அந்த வாரப் பாடம் கைக்கு வரும் என்பதற்கு அவற்றில் விடை கிடையாது. முதலாண்டில் அரியர் விழுவதற்கு மாணவரின் சோம்பலைக் குறைசொல்லும் முன், நம் விதிகளில் உள்ள இந்த வெற்றிடத்தைப் பார்க்க வேண்டும்.

உயிரியலில் இந்த வெற்றிடம் கூடுதல் சேதம் செய்கிறது. இயற்பியலிலோ கணிதத்திலோ ஒரு கணக்கைப் போட வராத மாணவருக்குத் தனக்கு வரவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். உயிரியலில் அப்படி இல்லை. பக்கத்தைப் படித்தால் புரிந்தது போலவே இருக்கும். பிளஸ் டூவில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள், கல்லூரியிலும் அதே வழி போதும் என்று நம்புவதில் வியப்பில்லை. ‘சவ்வூடு பரவலை வரையறு’ என்று கேட்டால் எழுதிவிடுவார்கள். வெங்காயத் தோலின் ஒரு துண்டை அடர்த்தியான உப்புக் கரைசலில் வைத்து, நுண்ணோக்கியில் காட்டிக் கேளுங்கள்: செல் சவ்வு உள்ளே சுருங்கிவிட்டது, செல் சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இப்போது இருப்பது என்ன? வெற்றிடம் என்பார் ஒருவர், காற்று என்பார் இன்னொருவர், செல்லிலிருந்து வெளியேறிய தண்ணீர் மட்டும் என்பார் மற்றொருவர். அங்கே இருப்பது உப்புக் கரைசல். செல் சுவர் அதைத் தடுக்காது, சவ்வுதான் தடுக்கும். இந்த ஒரு விடையைச் சொல்ல, வரையறை தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அதைக் கையாண்டு பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய ஸ்டடி ஹாலிடேயில் வராது. வாரந்தோறும் சிறுகச் சிறுக வந்தாக வேண்டும்.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கானோர் ஒரே அரங்கில் அமர்ந்து படிக்கும் அறிமுக உயிரியல் பாடத்தை ஸ்காட் ஃப்ரீமனும் சக ஆசிரியர்களும் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். விரிவுரை மட்டும் என்ற நிலையிலிருந்து, வகுப்பில் தினமும் கேள்விக்கு விடையளிக்கும் பயிற்சி, வாரம் ஒரு மாதிரித் தேர்வு, தரவைக் கொடுத்து அதிலிருந்து முடிவு சொல்லச் செய்வது என்று பாடத்தின் கட்டமைப்பை இறுக்கினார்கள். 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது. எல்லா மாணவர்களின் தேர்ச்சியும் உயர்ந்தது. பொருளாதாரத்திலும் கல்விப் பின்னணியிலும் பின்தங்கிய மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. செலவு கூடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் இதே வகை மாற்றத்தை ஆராய்ந்து சாரா எடியும் கெல்லி ஹோகனும் 2014இல் வெளியிட்ட முடிவின்படி, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளி மறைந்தே போனது.

ஒரு கல்லூரி, ஒரு நல்ல ஆசிரியர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஃப்ரீமன் குழு 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மரபான விரிவுரை வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 சதவீதம், மாணவர் வேலை செய்யும் வகுப்புகளில் 21.8 சதவீதம். அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம்; இந்தியச் சராசரி 28.4 சதவீதம். இப்படிச் சேர்பவர்களில் பலர், வீட்டில் தமக்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகள். பாடத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு அண்ணனோ அத்தையோ கிடையாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது பாடத்தின் விதிகள்தான். சேப்பல் ஹில்லில் யார் அதிகம் பயனடைந்தார்களோ, அவர்களைப் போன்றவர்களே நம் அரசுக் கலைக்கல்லூரிகளின் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருக்கிறார்கள்.

எனவே நான் முன்வைப்பது புதிய சட்டமோ புதிய நிதியோ தேவைப்படாத ஒன்று. இன்டர்னலுக்கு ஏற்கெனவே இருக்கும் 25 மதிப்பெண்ணை, இரண்டு டெஸ்ட், ஒரு அசைன்மென்ட், ஒரு செமினார் என்று கூறுபோடுவதற்குப் பதிலாக, அதில் பெரும்பகுதியை வாராந்தர வேலைக்குக் கொடுக்கலாம். வாரம் ஒருமுறை பத்து நிமிடத்தில் நான்கு கேள்விகள். அவற்றில் குறைந்தது இரண்டு அந்த வெங்காயத் தோல் கேள்வியைப் போன்றவை. பருவத்துக்குப் பன்னிரண்டு தாள் என்றால், சிறந்த பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு சலுகை பெரிய வேலை செய்யும்: காய்ச்சல் வந்தவரும், அக்கா திருமணத்துக்குப் போனவரும் மருத்துவச் சான்றிதழ் தேடி அலைய வேண்டியதில்லை, எந்தக் காரணம் உண்மை என்று தீர்ப்பு வழங்கும் வேலையும் ஆசிரியருக்கு மிச்சம். செய்முறைப் பாடத்திலும் இதே தர்க்கம் பொருந்தும். இன்று மதிப்பெண் பெறுவது சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அழகாக வரைந்த படம். வேர்நுனியை நசுக்கி ஸ்லைடு செய்து பார்த்த அன்று, எத்தனை செல்களில் பகுப்பு தெரிந்தது என்று அப்சர்வேஷன் நோட்டில் கிறுக்கலாக எழுதிய எண்ணுக்கு மதிப்பு அதிகம். அசைன்மென்டைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். முன்பு இணையத்திலிருந்து வந்தது, இப்போது சாட்ஜிபிடியிலிருந்து வருகிறது. வகுப்பறையில் கையால் எழுதும் பத்து நிமிடத் தாளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வாரத் தாளுக்கு எடை கொடுத்து, வருகைப் பதிவைத் தளர்த்தினால் வகுப்பே காலியாகிவிடும் என்பது முதலில் வரும் மறுப்பு. வகுப்புக்கு வருவோர் நன்றாகத் தேறுகிறார்கள் என்பது மெய். 2010இல் மார்கஸ் க்ரெடேயும் உடன் ஆய்ந்தோரும் பல ஆய்வுகளைத் தொகுத்து அதைக் காட்டினார்கள். அதே தொகுப்பில், வருகையைக் கட்டாயமாக்கும் விதி மட்டும் தனியே தரும் பலன் சிறியது என்பதும் தெரிந்தது. ஆர்வத்தோடு வருபவரின் பலனை, கட்டாயத்தால் வந்து உட்கார்ந்திருப்பவரிடம் எதிர்பார்க்க முடியாது என்பதே இதன் பொருள். 75 சதவீத விதி இருக்கட்டும். ஆனால், காலையில் மில்லிலோ மாலையில் கடையிலோ வேலை பார்த்துக்கொண்டு படிக்கும் மாணவரைத் தேர்விலிருந்தே விலக்கி வைக்கும் விதிக்கு, பாடம் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை இல்லை. வாரத் தாளுக்கு மதிப்பெண் இருந்தால் அந்த நாளில் வகுப்பு நிரம்பும். அதற்கு அபராதம் தேவைப்படாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அறுபது பேர் வகுப்பில் வாரம் அறுபது தாளை யார் திருத்துவது? அரசுக் கல்லூரிகளில் பாட வேளைகளின் பெரும் சுமையைத் தாங்குபவர்கள் தொகுப்பூதியம் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். பணிப் பாதுகாப்பே இல்லாதவர்களிடம் மேலும் ஒரு வேலையை ஏற்றுவது நியாயமா? நியாயமில்லை, அந்தப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்புவது அரசின் கடமை, அதைப் பாடத்திட்டச் சீர்திருத்தத்தால் ஈடுகட்ட முடியாது. என்றாலும் வாரத் தாளை ஆசிரியரே திருத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தாளை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். அந்தத் திருத்தலே பாதிப் பாடம். தாளுக்கு இரண்டு மதிப்பெண் என்னும்போது ஏமாற்றுவதால் கிடைக்கும் லாபமும் அற்பம். சியாட்டிலில் நூற்றுக்கணக்கானோருக்குச் செய்ய முடிந்ததும் தாளைத் திருத்தும் கை பெருகியதால் இல்லை, வேலையைச் சின்னதாக்கியதால்.

இது கல்லூரியைப் பள்ளிக்கூடமாக்கிவிடும், ஊட்டிவிட்டுப் பழக்கப்படுத்தும் என்று மூத்த பேராசிரியர்கள் சிலர் கருதுவார்கள். மாணவர்களும் முணுமுணுப்பார்கள். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு இந்த முணுமுணுப்பை அளந்தது. தெளிவான விரிவுரை கேட்டவர்கள் தாங்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் அதிகம் எடுத்தவர்களோ, தடுமாறித் தடுமாறிக் கணக்குப் போட்டவர்கள். 2006இல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனையிலும் இதுவே நடந்தது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள்; ஒருமுறை படித்துவிட்டுப் பலமுறை தம்மையே சோதித்துக்கொண்டவர்கள் 61 சதவீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னே இருந்தவர்கள் திரும்பப் படித்தவர்கள்தான். ஊட்டிவிடுவது என்று எதையாவது சொல்லத்தான் வேண்டும் என்றால், கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்ற வசதியைத் தரும் விரிவுரையை அல்லவா சொல்ல வேண்டும்? அதோடு, இந்தக் கட்டுக்கோப்பு முதலாண்டுக்கு மட்டும் போதும். மூன்றாமாண்டில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவருக்கு வாரத் தாள் வேண்டியதில்லை.

விதி என்றால் அது இரு தரப்பையும் கட்ட வேண்டும். நம் கல்லூரிக் கையேடுகளில் மாணவரின் கடமைகள் பக்கம் பக்கமாக இருக்கும். ஆசிரியரின் கடமை பற்றிய பத்தியைத் தேட வேண்டியிருக்கும். திருத்திய தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பித் தருவேன், தேர்வில் எந்த வகைக் கேள்வி வரும் என்பதன் மாதிரியை முன்கூட்டியே தருவேன், இன்ன நாளில் இன்ன நேரத்தில் துறையில் சந்தேகம் கேட்க வரலாம் என்று மூன்று வரிகள் எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வாரத் தாளில் அதைத் தொடங்குவது இன்னும் எளிது. தமிழ் வழியில் வந்த மாணவி செல் சுவரைப் பற்றிய விடையைத் தமிழில் சரியாக எழுதினால் முழு மதிப்பெண்ணும், கலைச்சொல்லை ஆங்கிலத்தில் பழக இன்னும் இரண்டு பருவ அவகாசமும் கொடுங்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணைப் பிரிக்கும் அதிகாரம் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் கையிலேயே இருக்கிறது. அவர்கள் அடுத்த கூட்டத்தில் முதலாண்டு உயிரியல் தாள் ஒன்றை மட்டும் எடுத்து, இரண்டு பருவம் இப்படி நடத்திப் பார்த்து, அரியர் எண்ணிக்கையை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு வெளியிடட்டும். எண்ணிக்கை குறையவில்லை என்றால் பழைய முறைக்கே திரும்பிவிடலாம்.