சூட்டில் இளகும் கழுத்து

"கழுத்து வலியா? ஹாட் யோகா போங்க சார், சூட்டுல எல்லாம் இளகிடும்" என்கிறார்கள். அந்த இளக்கம்தான் ஆபத்தே! பிக்ரம் முறையில் அறை வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ். 90 நிமிடத்தில் 26 ஆசனங்கள். அந்தச் சூட்டில் உடம்பு வழக்கத்தைவிட அதிகம் வளையும். "போதும்" என்று சொல்லவேண்டிய வலி அமுங்கிவிடும். அளவு மீறியது மறுநாள்தான் தெரியும்.

அடிபட்ட கழுத்தோடு உஷ்ட்ராசனத்தில் தலையைப் பின்னால் தொங்கவிடுவதும், சசாங்காசனத்தில் உச்சந்தலையைத் தரையில் ஊன்றுவதும் வேண்டவே வேண்டாம். டாக்டர் சம்மதித்தால் மட்டும் போங்கள். ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கழுத்தை நேராகவே வைத்திருங்கள். கை மரத்துப்போனாலோ, தலை சுற்றினாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். "முழு நேரமும் உள்ளேயே இருக்கணும்" என்று ஆசிரியர் அதட்டினால் அதட்டட்டும். கட்டணம் கட்டுவதும் நாம், அப்புறம் காலர் மாட்டிக்கொண்டு திரியப்போவதும் நாம்தானே?