இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

"வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வெச்சான், அவனுக்கு வரலாறு இருக்கு. நம்மாளுங்க எழுதி வெக்கல, நமக்கு இல்ல."

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. போன வாரமும் வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு குக்கிராமத்து விவசாயக் கூலியின் பேரப்பிள்ளைகள், தங்கள் வம்சத்தைப் பத்துத் தலைமுறைக்கு முன்னால் வரை தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும்? அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து "அவர்களுக்கு வரலாற்று உணர்வு இருந்தது" என்று முடிவுக்கு வருவது அப்பட்டமான பொய். அந்தப் பொய்யைத்தான் இங்கே உடைக்கப் போகிறோம்.

தோழர்களே, யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்று முதலில் கேட்போம்.

இங்கிலாந்தின் கிராம நிர்வாகத்துக்கு அடிப்படை பாரிஷ். நம்மூர்க் கிறிஸ்தவர்கள் பங்கு என்று சொல்வார்களே, அதுதான். ஆனால் அங்கே அது தேவாலயம் மட்டுமல்ல, அரசாங்கமும்கூட. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். இது வரி போடுவதற்கான சூழ்ச்சி என்று அப்போதே ஜனங்கள் பயந்தார்கள். கூலிக்காரரை நினைவுகூர யாரும் அந்தப் பெட்டியைச் செய்யவில்லை.

பிறகு அந்தப் பெட்டியில் வந்து சேர்ந்த காகிதங்களைப் பாருங்கள். 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், ஏழைகளுக்கு உதவும் பொறுப்பைப் பாரிஷின் தலையில் வைத்தது. உதவிப் பணம் நிலமும் வீடும் உள்ளவர்களிடம் வரியாக வசூலிக்கப்பட்டது. உடனே அவர்களுக்கு ஒரு கேள்வி பிறந்தது: இந்த ஏழை நம்மூர் ஏழையா, அடுத்த ஊர் ஏழையா? 1662இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியேறியவர்மீது 40 நாட்களுக்குள் புகார் சொன்னால் போதும், அவரைப் பழைய ஊருக்கே துரத்தலாம். எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை காலம் வேலை செய்தாய் என்று இரண்டு நீதிபதிகள் முன் நிறுத்தி விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அந்த விசாரணைத் தாள்தான் இன்று குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குக் கிடைக்கும் பெரிய புதையல். ஒரு கூலியின் வாழ்க்கை வரலாறு முதன்முதலாக எழுதப்பட்டதே அவரை ஊரைவிட்டுத் துரத்துவதற்காகத்தான்!

திருமணமாகாதவர் ஓராண்டு முழுதாக ஒரே இடத்தில் வேலை செய்தால் அந்த ஊரில் உரிமை கிடைக்கும் என்றொரு விதி இருந்தது. பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஓராண்டுக்குச் சில நாட்கள் குறைத்து வேலைக்கு அமர்த்தினார்கள். ஒப்பந்தத் தொழிலாளியை 240 நாள் ஆவதற்குள் நிறுத்திவிடும் தந்திரம் நமக்குத் தெரியாதா என்ன?

திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணை அதிகாரிகள் முன் நிறுத்தித் தகப்பன் பெயரைக் கேட்டார்கள். அவள்மீது அக்கறையால் அல்ல, பிள்ளையின் செலவு பாரிஷ்மீது விழக்கூடாது என்பதற்காக. 1697ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கும் மேலே போனது. உதவி வாங்குபவரும் அவர் மனைவி மக்களும் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' என்ற எழுத்தையும், பாரிஷ் பெயரின் முதல் எழுத்தையும் தைத்துக்கொள்ள வேண்டும். அணிய மறுத்தால் உதவியை நிறுத்தலாம். 1810 வரை இந்தச் சட்டம் இருந்தது. ஏழை என்பதை உடம்பில் எழுதிக்கொண்டு நடக்க வைத்தார்கள். சாதியும் ஏழ்மையும் ஒன்றல்ல. அந்தக் கூலியின் மகன் தையற்காரன் ஆனால் அந்த எழுத்து தோளை விட்டுப் போய்விடும், நமக்கு அது போகாது. ஆனால் மனிதரை அடையாளம் போட்டு ஒதுக்கும் புத்தி எங்கே இருந்தாலும் நமக்கு அது பரிச்சயமானதுதான்.

ஆக, இங்கிலாந்துக் கூலியின் பெயர் காகிதத்தில் இருப்பது அவர் மதிக்கப்பட்டதால் அல்ல, கண்காணிக்கப்பட்டதால். 1754 முதல் திருமணப் பதிவேட்டில் மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகள், அங்கத்திய கைநாட்டு. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'விவசாயக் கூலி' என்பதைக்கூட முழுதாக எழுதாமல் சுருக்கி எழுதினார்கள். அவருக்குச் சமமாக வயலில் குனிந்த மனைவிக்கு நேரே தொழில் என்ற இடம் பெரும்பாலும் காலி.

அப்படியானால் 'ஊர் வரலாறு' என்று அங்கே நெடுங்காலம் புத்தகம் போட்டவர்கள் எதை எழுதினார்கள்? பாதிரியாரும் நிலக்கிழாரும் தங்களைப் பற்றியே எழுதிக்கொண்டார்கள். மாளிகை யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, தேவாலயக் கோபுரத்தைக் கட்டியவர் யார், இவ்வளவுதான். 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கர் பொது நிலத்தையும் திறந்த வயலையும் வேலியடைத்தார்கள். மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய உரிமையை இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது அந்தப் புத்தகங்களின் கவலை அல்ல. 1830இல் தெற்கு இங்கிலாந்தின் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்; ஏறக்குறைய 500 பேர் நாடு கடத்தப்பட்டார்கள். 1834இல் டார்செட் மாவட்டத்தின் டால்பட்டில் கிராமத்தில் சங்கம் சேர்ந்த குற்றத்துக்காக, ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று சொல்லி, ஆறு விவசாயக் கூலிகளை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். மக்கள் போராடியதால் 1836இல் மன்னிப்பு வந்தது. இன்று டால்பட்டில் உலகத்துக்குத் தெரிகிறது என்றால், அது அந்த ஆறு பேரால்தான்.

இந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. ஈ.பி. தாம்சன் 1963இல் ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றை எழுதினார். ரஸ்கின் கல்லூரியில் ரஃபேல் சாமுவேல் தொழிலாளிகளையே வரலாறு எழுத வைத்தார். துரத்துவதற்காக எழுதிய தாளை, துரத்தப்பட்டவரின் பக்கம் நின்று வாசிக்கத் தொடங்கினார்கள். ஏழைகள் தங்கள் பாரிஷுக்கு எழுதிய உதவிக் கடிதங்கள் வெளியே வந்தன. எசெக்ஸ் மாவட்டக் கடிதங்களைத் தாமஸ் சோகோல் 2001இல் தொகுத்தார். பேசுகிறபடியே எழுத்துக்கூட்டி எழுதிய அந்தக் கடிதங்களில் கெஞ்சல் மட்டும் இல்லை, உரிமைக் குரலும் இருக்கிறது.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி. பிரிஸ்டல் அருகே ஹென்பரி தேவாலய முற்றத்தில் ஒரு கல்லறை. 1720இல் 18 வயதில் இறந்துபோன கறுப்பின இளைஞருடையது. கல்லில் உள்ள பெயர் சிபியோ ஆஃப்ரிகானஸ், எசமானர்கள் வைத்தது. பெற்ற தாய் வைத்த பெயர் அதில் இல்லை. 2020 ஜூனில், அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலை கவிழ்க்கப்பட்ட சில நாட்களில், அந்தக் கல்லறையை யாரோ உடைத்தார்கள். செத்து 300 ஆண்டு ஆன பையனின் கல்கூட உறுத்துகிறது!

1833இல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்ட நாடாளுமன்றம் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு அல்ல, உடைமையாளர்களுக்கு. வாங்கியவர்களில் கிராமத்துப் பாதிரியார்களும் விதவைகளும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் அந்தப் பெயர்களை 2013இல் இணையத்தில் போட்டது.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வாட்டன்-அட்-ஸ்டோன் என்றொரு கிராம பாரிஷ். அங்கே வுட்ஹால் மாளிகையைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்ட், 1778 முதல் 1780 வரை சென்னையின் ஆளுநர். பிறகு அதை வாங்கியவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாப்புக்கு வட்டிக்கு விட்டு, தஞ்சாவூர் விளைச்சல்மீதே உரிமை கொண்டாடியவர். தஞ்சை வயலில் அந்த நெல்லை விளைவித்தது யார்? நம் பாட்டன் பாட்டிகள். அந்த ஊரின் வரலாற்றில் நமக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

இதைச் சொன்னால் என்ன நடக்கும்? 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனியத்தோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. "வரலாற்றில் அரசியல் வேண்டாம்" என்று கூச்சல் கிளம்பியது. தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் வரை புகார் போனது. விதிமீறல் ஏதும் இல்லை என்று 2021இல் ஆணையம் சொல்லிவிட்டது. மாளிகையைப் புகழ்ந்தால் வரலாறு, மாளிகைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அரசியல். 'ஊர் ஒத்துமைய கெடுக்காதீங்கப்பா' என்று நம்மிடம் சொல்கிறவர்களின் அதே குரல்.

எனவே தம்பி தங்கைகளே, நாமும் ஆண்ட பரம்பரை என்று அரண்மனை தேடிப் போக வேண்டாம். உழைத்த பரம்பரை என்று சொல்ல நமக்கு வெட்கம் எதற்கு? நம்மைக் கண்காணிக்க எழுதிய காகிதங்கள் நமக்கும் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேற்றியவர்களின் பட்டியல், மிஷன் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடு, நிலவரித் திட்டப் பதிவேடு, பஞ்சமி நில ஆவணம். எழுதியவரின் திமிரைத் தள்ளிவிட்டு, எழுதப்பட்டவரின் பெயரை மட்டும் வெளியே எடுப்போம்.

அதற்கு முன்னால் இன்று இரவே ஒரு வேலை. வீட்டில் இருக்கும் வயதான ஆத்தாவிடம், அப்பாயியிடம் போய் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பெயரைக் கேளுங்கள். எந்த வயலில் நாற்று நட்டார், யாரிடம் என்ன கூலி வாங்கினார் என்று கேட்டு எழுதிவையுங்கள். இந்த முறை பெட்டி நம்முடையது. அதற்குப் பூட்டு வேண்டாம்.

ஜெய் பீம்!