"உள்ளுக்கு ஆரும் தெரிஞ்ச ஆள் இருக்கா?"

திருகோணமலையில் ஓர் அரசாங்க அலுவலுக்கு வெளிக்கிடும்போது வீட்டில் எழும்புற முதல் கேள்வி இதுதான். எல்லாப் பேப்பரும் எடுத்தாச்சா எண்டு கேட்பது அதுக்குப் பிறகு. காணி அலுவல், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு, எதுவானாலும் சரி. உள்ளுக்கு ஆள் இருந்தால் அரை நாள். இல்லாட்டி மூன்று நாள், நாலு மேசை, "நாளைக்கு வாங்க".

எங்கட வயசு ஆக்கள் இதுக்கு ஒரு தீர்வு வைச்சிருக்கிறோம்: எல்லாத்தையும் ஒன்லைன் ஆக்கிவிட்டால் சரி. ஆளே இல்லாத இடத்தில் ஆள் பிடிக்கத் தேவையில்லைதானே. கேட்க நல்லாத்தான் இருக்கு. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கொவ்பே தொடங்கியபோது எனக்கும் சந்தோஷம்தான். வெருகலில் இருந்து டவுனுக்கு வந்து, ஒரு கட்டணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பவே ஒரு நாள் கூலி போற ஆக்களை யோசிச்சுப் பாருங்க.

ஆனாலும் ஆளை எடுத்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு ஓட்டை இருக்கு. அதை ஏற்கெனவே ஒருதரம் நாடு முழுக்கப் பார்த்துவிட்டோம்.

2023 ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது. சமுர்த்தி வாங்கிய குடும்பங்கள் உட்பட எல்லாரும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று 22 குறிகாட்டிகள். மின்சாரப் பாவனை எவ்வளவு, வாகனம் இருக்கா என்பதெல்லாம் கணக்கில் வரும். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒரு குடும்பம் எந்த வகைக்குள் வரும் என்று தீர்மானிப்பார்கள். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாய், நிலையற்ற வகைக்கு 2,500 ரூபாய். முதல் பட்டியல் வெளிவந்ததும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் போயின. அத்தனை வீடுகளும் "எங்களைச் சரியாகப் பார்க்கேல்லை" என்று சொன்ன மாதிரித்தானே அது.

அந்த 22 கேள்விகளை எங்கட கரைக்குக் கொண்டு வந்து பாருங்க. திருக்கடலூரிலோ வீரநகரிலோ தொழிலுக்குப் போற ஒரு குடும்பத்திடம் "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் என்ன சொல்றது? கிழக்குக் கரையில் கடல் நல்லா இருக்கிற மாதங்கள் வேற. நவம்பர், டிசம்பரில் வாடை தொடங்கி, கடல் கொந்தளிச்சுக் கிடந்தால் போட் கரையிலதான். ஓகஸ்டில் மீன் பட்ட கையோடு வாங்கின பழைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கும். டிசம்பரில் அதே வீட்டில் அடுப்பு எரியிறது கடைக்காரர் தந்த கடனில். ஒரே வீடுதான், ஆனால் இரண்டு காலத்துக்கு இரண்டு வீடு. ஒருநாள் வந்து எண்ணிக்கொண்டு போறவருக்குத் தெரிவது மோட்டார் சைக்கிள் மட்டும்.

இது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். அந்தப் பிரிவில் நாலைந்து வருஷம் வேலை செய்த ஒரு கிராம உத்தியோகத்தருக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததை எழுதுறதுக்குப் படிவத்தில் கூடு இல்லை.

இங்கே ஒருவர் எழும்பி, "அப்ப பழைய சமுர்த்தி முறை திறமா?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேணும். சமுர்த்திப் பட்டியலில் கட்சி புகுந்த கதை நாட்டில் எல்லாருக்கும் தெரியும். உங்களைத் தெரிந்த உத்தியோகத்தருக்கு, நீங்க ஆருடைய கூட்டத்துக்குப் போனீங்க என்பதும் தெரிந்திருக்கும். உங்கட வீட்டுச் சண்டையும் தெரிந்திருக்கும். தெரிஞ்ச ஆள் எல்லாம் நல்ல ஆள் இல்லை. அவருக்குப் பிடிக்காத குடும்பத்துக்கு அந்த உறவே சுவர். புள்ளிக் கணக்கைக் கொண்டு வந்தவர்கள் இந்த நோயைப் பார்த்துத்தான் கொண்டு வந்தார்கள். அதை மறைச்சுப்போட்டு "அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி" என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்ப என்னதான் வழி? செல்வாக்கும் வேண்டாம், முகம் தெரியாத கணக்கும் வேண்டாம் என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்கா? இருக்கு. எங்கட வீடுகளுக்கே வந்து போறா. குடும்பநல உத்தியோகத்தர், சனம் "மிட்வைஃப் மிஸ்" எண்டு கூப்பிடுறவா.

இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்த முறை இது: ஒரு மிட்வைஃபுக்கு ஓர் எல்லை, சுமார் 3,000 பேர். அந்த எல்லைக்குள் ஆர் கர்ப்பமானாலும் அவ தேடிப் போக வேணும். 1940களின் நடுப்பகுதியில் இந்த நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்றைக்கு அது பல மடங்கு குறைந்துவிட்டது. மருந்து, ஆஸ்பத்திரி, ரோட்டு, பெண்பிள்ளைகளின் படிப்பு எல்லாத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் வீட்டு வாசலில் வந்து நின்று, "என்ன தங்கச்சி, கால் வீங்கியிருக்கே, நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்காவிட்டால் அந்த ஆஸ்பத்திரிகளுக்குப் பாதித் தாய்மார் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள் எண்டுதான் நான் நினைக்கிறேன்.

இந்த உறவு ஏன் செல்வாக்காக மாறுறது குறைவு? ஆருடைய வீட்டுக்குப் போறது என்பது மிஸ்ஸின் விருப்பம் இல்லை, எல்லா வீட்டுக்கும் போக வேணும். போனதைப் பதிவேட்டில் எழுத வேணும். மேலே இருக்கிறவர்கள் அதைப் பார்ப்பார்கள். தாயின் கையிலும் ஓர் அட்டை இருக்கும், அவளும் பார்ப்பாள். அவ உங்களைத் தெரிந்து வைத்திருப்பது தயவில் இல்லை, அதுதான் அவவின் வேலை. ஏழை வீடு, பணக்கார வீடு, தமிழ் வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு எல்லாத்துக்கும் அந்த வேலை ஒன்றுதான்.

நான் சொல்ல வாறது இவ்வளவுதான்: அரச சேவையில் உறவு இருக்க வேணும், ஆனால் அது சிலருக்குக் கிடைக்கிற சலுகையாக இல்லாமல் எல்லாருக்கும் உரிய கடமையாக இருக்க வேணும்.

எங்கட மாவட்டத்தில் அந்தக் கடமை தொடங்குற இடம் மொழி. 11 பிரதேச செயலகப் பிரிவுகள், மூன்று சமூகங்கள், 2012 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அடுத்த வருஷம் 16ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழி ஆக்கியது. சட்டம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும், சிங்களத்தில் வந்த ஒரு கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலையிற அம்மாக்களை நீங்களும் கண்டிருப்பீங்க. தமிழ் மட்டும் பேசுற மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற சிங்கள ஐயாவுக்கும் அதே கதிதான். தன் வாயால் தன் கதையைச் சொல்ல முடியாத இடத்தில் என்ன உறவு?

அதோட கதையே பேப்பரில் இல்லாத சனமும் இங்கே நிறைய. 2006இல் சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்தவர்கள் 2015 தொடக்கம்தான் படிப்படியாகத் திரும்ப முடிந்தது. 2004 டிசம்பர் 26 கடல் கொண்டு போனதில் கிண்ணியாவிலும் மூதூரிலும் உயிர்களோடு உறுதி, சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் போனது. இப்படியான ஒரு வீட்டிடம் கணினி "ஆவணத்தைப் பதிவேற்றவும்" என்று கேட்கும். "இவ இன்னாருடைய மகள், இந்த வளவில்தான் இருந்தவ" என்று சொல்ல ஒரு மனுசன் வேணும். அந்த மனுசன் சொன்னதை யாரும் சரிபார்க்கக்கூடிய மாதிரி எழுதியும் வைக்க வேணும்.

ஆகவே டிஜிட்டல் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. கட்டணம், பிரதி, திகதி எடுக்கிறது எல்லாம் போனுக்குப் போகட்டும். அதனால் உத்தியோகத்தருக்கு மிச்சப்படுற நேரம் எங்கே போகுது என்பதுதான் என் கேள்வி. ஆள்குறைப்புக்குப் போகுமா, வீடுகளுக்குப் போகுமா? கிராம உத்தியோகத்தர் வருஷத்தில் ஒருதரமாவது தன் பிரிவின் ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும். அஸ்வெசும மாதிரி ஒன்றில் பெயர் வெட்டப்பட்டால், காரணம் அவரவர் மொழியில் எழுதி வரட்டும். மேன்முறையீட்டை நேரில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். கடற்கரைப் பிரிவுகளில் வருமானத்தைப் பருவம் பார்த்துக் கேட்கட்டும். இதுக்குப் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேடு எத்தனையோ வருஷமாக இருக்கு.

எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இப்பவே எங்கட வீடுகளில் அம்மம்மாவுக்குப் படிவம் நிரப்புறதும், அப்பாவுக்கு ஓடிபி பார்த்துச் சொல்றதும் நாங்கதான். படிச்ச பேரப்பிள்ளை உள்ள வீட்டுக்கு அலுவல் முடியுது. பிள்ளைகள் எல்லாம் கட்டாரிலோ கொழும்பிலோ இருக்கிற பக்கத்து வீட்டு ஆச்சிக்கு? அங்கே போய் ஒரு மணித்தியாலம் இருங்க. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, எந்தக் கேள்விக்கு ஆச்சியின் வாழ்க்கை அடங்கேல்லை என்றும் குறித்து வையுங்க. பத்து வீட்டில் குறித்ததைச் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுங்க. "உள்ளுக்கு ஆரும் இருக்கா?" எண்டு கேட்கத் தேவையில்லாத ஊர் ஒரு நாளில் வராது. ஆனால் ஆள் இல்லாதவங்களுக்கு இப்போதைக்கு ஆளாக நிற்கலாம். அது நிரந்தரமாக எங்கட தலையிலேயே விழாமல், அதைச் செய்யச் சம்பளம் வாங்குறவர்களிடம் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.