கை பட்டதா, கை வைத்தாரா?



தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது நம் வாசகி ஒருவர் வழிமறித்தார். மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாளாம். வழக்கறிஞராக வேண்டும் என்கிறாளாம். “சட்டம் படிக்கப் போற பொண்ணுக்கு உயர்தமிழ் எதுக்குங்க? அத விட்டுட்டு இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பலாம்ல?” கீரைக்காரரும் என் வாயையே பார்த்தார். அங்கே சட்டென்று வராத பதில் இது.

நம் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் வழக்கு ஆங்கிலத்தில் நடந்தாலும் சாட்சி தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பாளர் உண்டு. பேருந்தில் ஒரு தகராறு என்று வைத்துக்கொள்வோம். “கை பட்டுடுச்சுங்க” என்கிறார் ஒருவர். “கைய வச்சாருங்க” என்கிறார் மற்றவர். முன்னதில் எண்ணம் இல்லை, பின்னதில் இருக்கிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடி ‘உடைஞ்சிடுச்சு’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காத பிள்ளை உண்டா? ஆங்கிலத்தில் உடைந்தாலும் உடைத்தாலும் ‘புரோக்’தான். குற்ற வழக்குகள் பலவும் சுற்றிச் சுற்றி வருவது இந்த எண்ணத்தைத்தான். அதை வினைச்சொல்லிலேயே பொதிந்து வைத்திருக்கும் மொழியையா அந்தப் பெண் விடுவது?

ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சட்டப் படிப்புக்கு மதிப்பெண் மட்டும் போதாது. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தொடக்கக் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சட்டமும் நிர்வாகமும் சேர்ந்த பட்டயப் படிப்பே இருக்கிறது. இதெல்லாம் பள்ளி ஆலோசகர் சொல்லிவிடுவார்.

பேச்சுப் பயிற்சிக் கட்டணத்தை மிச்சம் பிடித்து, பள்ளி விடுமுறையில் ஒரு வேலைநாள் காலை மகளை அரசு நீதிமன்றங்களுக்கு அழைத்துப் போங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதாத் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன், இறங்கி நடந்துவிடலாம். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய்ப் பின்னால் உட்காரலாம். நுழையும்போது தலை வணங்க வேண்டும், கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். சினிமா வசனத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தேதி குறிப்பதும் தாள் புரட்டுவதுமாகவே ஒரு காலை போய்விடும். அந்தச் சலிப்பிலும் அவளுக்கு ஆர்வம் மிஞ்சினால் நம்பலாம்.

வீட்டுக்கு வந்ததும், ஏமாற்றுக்காரரை ‘ஃபோர்ட்வென்டி’ என்கிறோமே, அந்த 420ஆம் பிரிவைத் தேடச் சொல்லுங்கள். நம் சட்டங்கள் அரசின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி இங்கே 1871இல் இயற்றப்பட்ட சட்டத்தில், ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கு இன்றும் அதே எண். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. ஆக, நம் ‘ஃபோர்ட்வென்டி’ இப்போது சிங்கப்பூர்வாசி! அந்தப் பிரிவில் ‘நேர்மையற்ற முறையில்’ என்று பொருள்படும் ஒரு சொல் வரும். அதற்கான விளக்கம் வெகு முன்னால் வேறொரு பிரிவில் ஒளிந்திருக்கும். அவளே தேடிப் பிடிக்கட்டும். பிடித்ததை ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பாட்டிக்குத் தமிழில் விளக்கட்டும். பாட்டி குறுக்குக் கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

ஆகவே அம்மா, பீட்டி சாலை உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் உயர்தமிழ் வகுப்பு என்றால் மழையானாலும் அனுப்புங்கள்.

இன்னொன்று. அன்று நம் பேச்சில் கீரைக்குக் காசு கொடுக்காமலே வந்துவிட்டேன். மறந்துபோச்சு. வினைச்சொல்லைக் கவனியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்