பெட்டை நாயின் மலடும் கருப்பை அழற்சியும்

தோட்டத்தையும் ஆட்டுப்பட்டியையும் காக்க நாய் வளர்ப்பது குடியானவர்களிடம் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய ஜாதிகள் தென் ஜில்லாக்களிலேயே உண்டானவை. இவற்றுள் நல்ல இலட்சணமுள்ள ஒரு பெட்டை இரண்டு முறை இணை சேர்த்தும் சினையாகாவிடில், அதனை மலடென்று தள்ளிவிடுகின்றனர். பரீட்சையின்றிக் கூறும் இத்தீர்ப்பு நியாயமன்று. பெட்டையோடு அதன் வம்சத்தின் நற்குணங்களும் அழிகின்றன.

முதலாவது, இணை சேர்த்த நாள் தக்கதா என்று விசாரிக்க வேண்டும். பெட்டை பெரும்பாலும் 6, 7 மாதங்களுக்கு ஒரு முறை பருவமடைகிறது. இரத்தக் கசிவு கண்டபின் கடுவனை ஏற்கும் நாள் பெட்டைக்குப் பெட்டை வேறுபடும். நாள் தவறுதலே சினை பிடியாமைக்கு மிகச் சாதாரணமான காரணம். கடுவனின் விந்தையும் சோதிப்பது அவசியம். இவ்விரண்டிலும் குறையில்லையாயின் கருப்பையின் உட்சவ்வை ஆராய வேண்டும்.

பருவத்திற்குப் பின் சுமார் 2 மாதம் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு இரத்தத்தில் மிகுந்திருக்கும். அப்பொழுது கருப்பைச் சுரப்பிகள் பெருத்துத் திரவம் கசியும். பருவகாலத்தில் உட்புகுந்த கிருமிகள் அதிற் பெருகும். சீழ் கட்டினால் அதிக தாகம், உணவில் வெறுப்பு, துர்நாற்றக் கசிவு ஆகியவை தோன்றும். கருப்பை வாய் மூடியிருந்தால் கசிவு வெளிவராது. அந்நிலையில் உயிராபத்து இன்னும் அதிகம். இலேசான அழற்சியிலோ வெளிக்குறி யாதொன்றும் இராது. பெட்டை நன்றாய் உண்ணும், ஓடும், கடுவனையும் ஏற்கும்; குட்டி மட்டும் உண்டாகாது.

ஆகையால் கண்பார்வையால் நிச்சயிப்பது இயலாது. பிறப்புறுப்பின் கசிவில் கிருமி காணப்பட்டதும் போதிய சான்றன்று. ஆரோக்கியமான பெட்டையிடத்தும் அங்கே கிருமிகள் இருப்பது இயல்பு. அல்ட்ராசவுண்டு படம் கருப்பைச் சுவரின் தடிப்பையும் திரவத்தையும் காட்டும். கருப்பையினுள்ளிருந்தே எடுத்த அணுக்களையும் கிருமிகளையும், வேண்டின் சிறு சதைத் துணுக்கையும் சோதித்தால் அழற்சி உறுதிப்படும். ஏற்ற மருந்தும் விளங்கும். உத்தேசமாய் ஊசி போடுவது பணவிரயம். கிருமிகளும் மருந்துக்கு மசியாதவையாகிவிடும். கரு சிதைந்த பெட்டைக்குப் புரூசெல்லா சோதனையும் செய்விக்க வேண்டும். அந்நோய் மனிதரையும் தொற்றக்கூடியது.

ஒரு நாய்க்கு இத்தனை பிரயாசை எதற்கென்று சிலர் கேட்கலாம். சோதனையின்றி அடுத்த பருவத்தை எதிர்நோக்குவோர் ஒவ்வொரு தடவையும் அரை வருஷத்தை இழக்கின்றனர். அதற்குள் அழற்சியும் முற்றிவிடலாம். பருவம் கண்ட நாளையும் இணை சேர்த்த நாளையும் குறித்து வைத்து, அக்குறிப்புடன் பெட்டையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வதே உத்தமம். கிராம அதிகாரிகளும் இதனை ஊராருக்கு எடுத்துரைப்பார்களாயின், நல்ல ஜாதி நாய்கள் அருகிப்போகாமல் காக்கப்படும்.